மருந்துச் சீட்டுக்குச் ‘சரி’ சொல்வது யார்? அமெரிக்காவில் எல்லோருக்கும் காப்பீடு வந்தால் என்ன மாறும்

அமெரிக்காவில் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ‘மெடிக்கேர் ஃபார் ஆல்’ என்ற பேச்சு திரும்ப வந்துவிடுகிறது. எல்லோருடைய மருத்துவச் செலவையும் அரசே ஏற்கும் என்று ஒரு தரப்பு சொல்கிறது, உங்கள் டாக்டரை உங்களிடமிருந்து பிடுங்கிவிடுவார்கள் என்று மறுதரப்பு பயமுறுத்துகிறது. இந்த இரைச்சலுக்கு நடுவே இரண்டு சாதாரணக் கேள்விகள் பதில் இல்லாமல் நிற்கின்றன. எதற்கெடுத்தாலும் அனுமதி வாங்கி வா என்று சொல்லும் இன்றைய காப்பீட்டு ஏற்பாடு அப்போது என்ன ஆகும்? மாதாமாதம் வாங்கும் மாத்திரை கிடைக்குமா, கிடைத்தால் என்ன விலைக்கு?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுமதி, பட்டியல், மறுப்பு இந்த மூன்றும் எந்த ஏற்பாட்டிலும் முழுசாக ஒழியாது. யார் மறுக்கிறார்கள், எதற்காக மறுக்கிறார்கள், அவர்களை யார் கேள்வி கேட்கலாம் என்பது மாறும். மருந்து விஷயத்தில் அது மிகப் பெரிய மாற்றமாகவும் இருக்கலாம், ஒரு மாற்றமும் இல்லாமலும் போகலாம். எந்த வகை ‘எல்லோருக்கும் காப்பீடு’ என்பதைப் பொறுத்தது அது. அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இப்போது பணம் கட்டுவது யார்

2023இல் அமெரிக்கா மருத்துவத்துக்குச் செலவழித்தது 4.9 லட்சம் கோடி டாலர், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தியில் 17.6 சதவீதம். இவ்வளவு செலவழித்தும் அந்த ஆண்டு சுமார் 2.6 கோடிப் பேருக்கு எந்தக் காப்பீடும் இல்லை. மற்றவர்களுக்குப் பணம் வரும் பைகள் நான்கு.

1. வேலை வழிக் காப்பீடு. 15 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இதுதான். இரண்டாம் உலகப் போரின்போது சம்பளத்தை உயர்த்தக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது, ஆள் பிடிக்க முதலாளிகள் காப்பீட்டைச் சலுகையாகக் கொடுத்தார்கள், பிறகு வரிச் சலுகையும் சேர்ந்துகொள்ள இந்தப் பழக்கம் அப்படியே வேரூன்றிவிட்டது.

2. மெடிக்கேர். 65 வயது தாண்டியவர்களுக்கும் உடற்குறை உள்ள சிலருக்குமான மத்திய அரசுக் காப்பீடு. 1965 ஜூலை 30 அன்று அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். ஆஸ்பத்திரிக்குப் ‘பார்ட் ஏ’, டாக்டர் கட்டணத்துக்குப் ‘பார்ட் பி’. வெளியே கடையில் வாங்கும் மருந்துக்கு அதில் இடமே இல்லை. ‘பார்ட் டி’ என்ற மருந்துப் பகுதி 2003இல் சட்டமாகி 2006இல்தான் நடைமுறைக்கு வந்தது. நாற்பது வருடம் தாமதம்.

3. மெடிக்கெய்டு. வருமானம் குறைந்தவர்களுக்கு, மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து நடத்துவது.

4. தானே வாங்கிக்கொள்ளும் காப்பீடு. 2010இல் அதிபர் ஒபாமா காலத்தில் வந்த ‘ஒபாமாகேர்’ சட்டம் அமைத்த காப்பீட்டுச் சந்தையில் விற்பது.

இவை போக, முன்னாள் ராணுவத்தினருக்குத் தனி மருத்துவத் துறை இருக்கிறது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மருந்து விலைக்கு வரும்போது தேவைப்படும்.

மேனேஜ்டு கேர் என்றால் என்ன

காப்பீடு என்றதும் நமக்குத் தோன்றுவது இதுதான்: உடம்புக்கு வருகிறது, ஆஸ்பத்திரி பில் போடுகிறது, இன்சூரன்ஸ் கட்டுகிறது. அமெரிக்காவிலும் வெகுகாலம் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது. டாக்டர் எழுதியதற்கெல்லாம் பணம் போனது, அதனால் எழுதுவதும் கூடிக்கொண்டே போனது. மேனேஜ்டு கேர் இங்கேதான் நுழைகிறது. பணம் கட்டுகிறவரே, எந்த டாக்டரிடம் போவது, எந்த ஸ்கேன் எடுப்பது, எந்த மருந்து சாப்பிடுவது என்பதிலும் கை வைப்பார்.

இந்த யோசனை பிறந்த இடம் மோசமான இடம் இல்லை. போர்க்காலத்தில் கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் கப்பல் தளத்தில் வேலை செய்தவர்களுக்காக ஹென்றி கெய்சர் என்ற தொழிலதிபரும் சிட்னி கார்ஃபீல்டு என்ற டாக்டரும் சேர்ந்து, தலைக்கு இவ்வளவு என்று முன்பணம் வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்த்தார்கள். பணம் முன்கூட்டியே வந்துவிடுவதால் ஆள் ஆரோக்கியமாக இருந்தால்தான் டாக்டருக்கு லாபம். 1945இல் இது பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. இன்றைய கெய்சர் பெர்மனென்டே அதுதான். இப்படி முன்பணம் வாங்கி வைத்தியம் பார்க்கும் அமைப்புக்கு எச்.எம்.ஓ. என்று பெயர். 1973 டிசம்பரில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட எச்.எம்.ஓ. சட்டம் இந்த மாதிரியை நாடு முழுக்கப் பரப்ப வழி செய்தது. அப்புறம் லாப நோக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. ஆளை ஆரோக்கியமாக வைப்பதைவிட, பில்லைத் தட்டிக் கழிப்பது சுலபமான லாபம் என்று அவற்றில் பலவும் கண்டுகொண்டன.

கையில் இருக்கும் கருவிகள் இவை:

1. நெட்வொர்க்: ஒப்பந்தம் போட்ட டாக்டர், ஆஸ்பத்திரிகளிடம் மட்டும்தான் போகலாம். வெளியே போனால் அதிகப் பணம், எச்.எம்.ஓ. என்றால் பெரும்பாலும் மொத்தமும் உங்கள் கையிலிருந்து.

2. வாசலில் ஒரு டாக்டர்: இதய நிபுணரை நேராகப் பார்க்க முடியாது, முதலில் பொது டாக்டர் பார்த்து அனுப்ப வேண்டும்.

3. பிரையர் ஆத்தரைசேஷன்: சிகிச்சைக்கோ மருந்துக்கோ முன்பே காப்பீட்டு நிறுவனத்தின் அனுமதி.

4. கேப்பிடேஷன்: ஒவ்வொரு சேவைக்கும் தனியாகக் கட்டாமல், மாதம் தலைக்கு இவ்வளவு என்று டாக்டர் குழுவுக்குக் கொடுப்பது.

5. ஃபார்முலரி: எந்த மருந்துக்குப் பணம் கட்டுவோம் என்ற பட்டியல்.

மூன்றாவதன் அளவைக் கொஞ்சம் பாருங்கள். மெடிக்கேரைத் தனியார் நிறுவனம் வழியாக எடுத்துக்கொள்ளும் திட்டத்துக்கு மெடிக்கேர் அட்வான்டேஜ் என்று பெயர், மெடிக்கேர் பயனாளிகளில் பாதிக்கு மேல் இப்போது அதில்தான் இருக்கிறார்கள். கே.எஃப்.எஃப். என்ற சுகாதாரக் கொள்கை ஆய்வு அமைப்பின் கணக்குப்படி, 2023இல் மட்டும் இந்தத் திட்டங்கள் கிட்டத்தட்ட 5 கோடி அனுமதிக் கோரிக்கைகளில் முடிவு எடுத்தன. முழுதாகவோ பாதியாகவோ மறுக்கப்பட்டவை 6.4 சதவீதம், ஏறத்தாழ 32 லட்சம். அவற்றில் மேல்முறையீட்டுக்குப் போனவை 11.7 சதவீதம். அப்படிப் போனவற்றில் 81.7 சதவீதத்தில் மறுப்பு மாற்றப்பட்டது. முறையீடு செய்யாத எல்லோரும் ஜெயித்திருப்பார்கள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, வலுவான காரணம் இருப்பவர்தான் பெரும்பாலும் முறையிடுவார். ஆனாலும் எண்பது வயதுப் பாட்டி, மகன் வேறு ஊரில், தொலைபேசியில் மெனு கேட்டுக் கேட்டு அழுத்தத் தெரியாதவர், அவர் அந்த 11.7 சதவீதத்துக்குள் வருவாரா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மெடிக்கெய்டிலும் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் மேனேஜ்டு கேர் நிறுவனங்களின் கீழ்தான் இருக்கிறார்கள். ஆக ‘அரசுக் காப்பீடு’ ஒரு பக்கம், ‘தனியார் மேனேஜ்டு கேர்’ மறுபக்கம் என்று பிரித்துப் பேசுவது இன்றைய நிலைமைக்குப் பொருந்தாது. அரசுப் பணம், தனியார் மறுப்பு என்ற கலவைதான் நடைமுறை.

மருந்துக்கடைக் கவுன்ட்டரில் நடப்பது

டாலஸ் புறநகரில் நாற்பது வயதுப் பெண் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐ.டி. கம்பெனி வேலை, சர்க்கரைக்கு ஒரு வருடமாக ஒரே மாத்திரை, அளவு கட்டுக்குள் இருக்கிறது. ஜனவரியில் கம்பெனி காப்பீட்டு நிறுவனத்தை மாற்றுகிறது. மாத்திரை வாங்கப் போனால், அனுமதி வேண்டும் என்று கணினி நிறுத்துகிறது, கடைக்காரர் டாக்டர் அலுவலகத்துக்கு ஃபேக்ஸ் அனுப்புகிறார், நான்கு நாள் கழித்துப் பதில் வருகிறது: முதலில் எங்கள் பட்டியலில் இருக்கும் மலிவான மருந்தைச் சாப்பிட்டுப் பாருங்கள், அது சரிப்படாவிட்டால் இதைத் தருகிறோம். இதற்கு ஸ்டெப் தெரபி என்று பெயர், படிப்படியாக ஏறச் சொல்வது. அந்தப் படியை அவர் இரண்டு வருடம் முன்பே ஏறிவிட்டார். ஆனால் அந்தப் பதிவு பழைய நிறுவனத்திடம் இருக்கிறது.

இங்கே முடிவெடுத்தது பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம்கூட இல்லை. பி.பி.எம். என்று அழைக்கப்படும் இடைநிறுவனம். காப்பீட்டின் மருந்துப் பகுதியை மட்டும் நடத்துவது இதன் தொழில்: பட்டியல் போடும், மருந்து கம்பெனியிடம் தள்ளுபடி பேசும், மருந்துக்கடைக்குப் பணம் கட்டும். சி.வி.எஸ். கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம் ஆர்.எக்ஸ். ஆகிய மூன்றும் சேர்ந்து நாட்டின் மருந்துச் சீட்டுகளில் ஏறத்தாழ 80 சதவீதத்தைக் கையாளுகின்றன. மூன்றும் முறையே ஏட்னா, சிக்னா, யுனைடெட் ஹெல்த்கேர் என்ற காப்பீட்டு நிறுவனங்களோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

தள்ளுபடிக்கு அங்கே ரிபேட் என்று பெயர். இது எப்படி நோயாளியின் பையைத் தொடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் அமெரிக்க மருந்து விலையைப் புரிந்துகொள்ள முடியாது. ஓர் உதாரணக் கணக்கு, எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை:

1. முதல் கம்பெனியின் மருந்து: அறிவித்த விலை 500 டாலர். பி.பி.எம்.முக்கு ரிபேட் 250. கடைசி விலை 250.

2. இரண்டாம் கம்பெனியின் மருந்து, அதே வேலை செய்வது: அறிவித்த விலை 280. ரிபேட் 20. கடைசி விலை 260.

காப்பீட்டுக் கணக்கில் முதலாவது 10 டாலர் மலிவு, அதோடு ரிபேட்டில் பங்கு கிடைக்கும் இடைத்தரகருக்கு 250 என்பது 20ஐவிட இனிப்பானது. எனவே பட்டியலில் முதலாவது ஏறுகிறது. ஆனால் நோயாளி 20 சதவீதம் தன் பங்காகக் கட்ட வேண்டும் என்றால், அந்த 20 சதவீதம் பெரும்பாலும் அறிவித்த விலையில் போடப்படும்: 100 டாலர். இரண்டாவது மருந்தென்றால் 56தான். வருட ஆரம்பத்தில் டிடக்டிபிள், அதாவது காப்பீடு தொடங்குவதற்கு முன் தானே கட்ட வேண்டிய தொகை, தீராமல் இருந்தால் முழு 500ம் அவர் தலையில். உள்ளே பேசி முடித்த தள்ளுபடி கவுன்ட்டரில் நிற்பவர் கண்ணுக்கே வருவதில்லை.

‘எல்லோருக்கும்’ என்றால் ஒரே வடிவம் இல்லை

குழப்பத்தின் பாதிக்குக் காரணம் இதுதான். எல்லோருக்கும் காப்பீடு உள்ள நாடுகள் குறைந்தது மூன்று வழிகளில் அங்கே போயிருக்கின்றன.

1. அரசே ஆஸ்பத்திரியும் நடத்துவது: பிரிட்டனின் என்.எச்.எஸ்., 1948 ஜூலை 5 முதல்.

2. அரசு பணம் கட்டும், டாக்டரும் ஆஸ்பத்திரியும் அரசுக்கு வெளியே இருக்கும்: கனடா. அமெரிக்காவின் ‘மெடிக்கேர் ஃபார் ஆல்’ மசோதாக்கள் இந்த வகை. பெர்னி சாண்டர்ஸ் செனட்டில் கொண்டுவந்தது ஒன்று, சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் பிரதிநிதிகள் சபையில் கொண்டுவந்தது இன்னொன்று.

3. பல காப்பீட்டு அமைப்புகள் தொடரும், எல்லோரும் ஏதாவது ஒன்றில் சேர்ந்தே ஆக வேண்டும், விதிகளை அரசு போடும்: 1883இல் பிஸ்மார்க் காலத்தில் தொடங்கிய ஜெர்மனி, அப்புறம் சுவிட்சர்லாந்து, 2006க்குப் பிறகு நெதர்லாந்து.

பெயரை மட்டும் நம்ப வேண்டாம். 2019இல் கமலா ஹாரிஸ் முன்வைத்த திட்டத்துக்கும் ‘மெடிக்கேர் ஃபார் ஆல்’ என்றுதான் பெயர், ஆனால் அதில் தனியார் மெடிக்கேர் திட்டங்களுக்கு இடம் இருந்தது. சாண்டர்ஸ், ஜெயபால் மசோதாக்களில் இல்லை: அரசு தரும் அதே பலனை விற்கும் தனியார் காப்பீட்டை அவை தடை செய்கின்றன. அழகு சிகிச்சை மாதிரி, அரசுத் திட்டத்துக்கு வெளியே இருப்பதற்கு மட்டும் தனியார் விற்கலாம்.

(ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் கேட்பது உண்டு: இரண்டு மசோதாக்களும் பேசுவது அமெரிக்காவில் வசிப்பவர்களைப் பற்றி. ஆறு மாதம் தங்கிவிட்டு வரும் விசிட்டர் விசாக்காரருக்கு அவற்றில் இடம் இருப்பதாக எண்ண வேண்டாம், பயணக் காப்பீடு அப்போதும் வேண்டியிருக்கும்.)

மேனேஜ்டு கேருக்கு என்ன ஆகும்

இரண்டாம் வகை வந்தால், நிறுவனம் என்ற முறையில் அதற்கு வேலை இருக்காது. மெடிக்கேர் அட்வான்டேஜ் போய்விடும், வேலை வழிக் காப்பீடு போய்விடும், நெட்வொர்க் என்ற சொல்லுக்கே அர்த்தம் இருக்காது, ஏனென்றால் பணம் கட்டுகிறவர் ஒருவர்தான், சேர்ந்த டாக்டர் எல்லோரும் அவரிடம்தான் பில் போடுவார்கள். கெய்சர் மாதிரி ஆஸ்பத்திரியும் டாக்டரும் சேர்ந்த அமைப்பு, காப்பீட்டுப் பாதியை இழந்து வைத்தியம் பார்க்கும் பாதியோடு தொடரலாம்.

ஆனால் கருவிகள்? அவை நிறுவனத்தோடு சாவதில்லை. பிரிட்டனில் ஒரு நிபுணரைப் பார்க்கப் பொது டாக்டர் எழுதித்தர வேண்டும், வாசல் டாக்டர் என்ற ஏற்பாட்டை அங்கே யாரும் மேனேஜ்டு கேர் என்று அழைப்பதில்லை, அவ்வளவுதான். ஜெயபால் மசோதாவில் ஆஸ்பத்திரிகளுக்குப் பில்லுக்குப் பில் பணம் தராமல் வருடத்துக்கு ஒரு மொத்தத் தொகை ஒதுக்கச் சொல்கிறார்கள். அதை உற்றுப் பாருங்கள்: செலவைக் கட்டுப்படுத்தும் பாரம் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு நகர்கிறது. அனுமதிக் கடிதம் இருக்காது, ஆனால் ஒதுக்கிய பணத்துக்குள் எத்தனை முட்டி மாற்று அறுவை செய்ய முடியும் என்ற கேள்வி இருக்கும், அது காத்திருப்போர் வரிசையாக வெளியே தெரியும். கனடாவில் இதுதான் நெடுநாள் புகார்.

அரசு நடத்தினால் அனுமதி கேட்கமாட்டார்கள் என்றும் உறுதி கிடையாது. 2026 ஜனவரியிலிருந்து அரசே நேரடியாக நடத்தும் பழைய மெடிக்கேரிலும் ஆறு மாநிலங்களில் சில சிகிச்சைகளுக்கு முன் அனுமதியைச் சோதனை முயற்சியாகக் கொண்டுவரத் திட்டம் போடப்பட்டது.

மூன்றாம் வகையில் மேனேஜ்டு கேர் அப்படியே வாழும், பழக்கமாகக்கூட மாறும். சுவிட்சர்லாந்தில் கணிசமானவர்கள் தாங்களாகவே எச்.எம்.ஓ. அல்லது குடும்ப டாக்டர் வகைத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பிரீமியம் குறையும் என்பதற்காக. அங்கே அடிப்படைப் பலன்கள் என்னென்ன என்பதைச் சட்டம் சொல்கிறது, அதை விற்று லாபம் பார்க்கக் கூடாது என்றும் சொல்கிறது, அதனால் மறுப்பதில் நிறுவனத்துக்குப் பெரிய ஆதாயம் இல்லை. என் பார்வையில் முக்கியமான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. வாசலில் டாக்டர் நிற்பது தப்பில்லை. மறுத்த ஒவ்வொரு மாத்திரையும் யாருடைய காலாண்டு லாபத்திலோ போய்ச் சேர்கிறது என்பதுதான் ஜனங்களுக்குப் பொறுக்கவில்லை.

மருந்து விலை: எழுந்து போகும் உரிமை

பேரம் பேசத் தெரிந்த யாருக்கும் இது புரியும். கடையை விட்டு எழுந்து போகத் தயாராக இருந்தால்தான் விலை இறங்கும். 2003 சட்டம் பார்ட் டியைத் தந்தபோது, மருந்து கம்பெனிகளோடு அரசு விலை பேசவே கூடாது என்ற விதியையும் சேர்த்தே தந்தது. கோடிக்கணக்கான முதியவர்களுக்கு மருந்து வாங்கும் அரசு, வாய் திறக்கக் கூடாது.

அதே அரசின் ராணுவத்தினர் மருத்துவத் துறைக்கு அந்தத் தடை இல்லை. அது தனக்கென்று ஒரே ஒரு தேசியப் பட்டியல் வைத்திருக்கிறது, விலை சரியில்லை என்றால் பட்டியலில் சேர்க்க மறுக்கலாம். விளைவு? அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2017ஆம் ஆண்டுக் கணக்கை ஒப்பிட்டபோது, பார்ட் டி கட்டியதைவிட அந்தத் துறை சராசரியாக 54 சதவீதம் குறைவாகக் கட்டியது தெரிந்தது. ரிபேட் எல்லாம் கழித்த பிறகு. ஒரே மருந்து, ஒரே நாடு, ஒரே வரிப்பணம்.

2022 ஆகஸ்டில் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம் அந்தப் பூட்டைக் கொஞ்சம் திறந்தது. மெடிக்கேரில் இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் வரம்பு, 2025இல் மருந்துக்காகக் கையிலிருந்து கட்டுவதற்கு வருடம் 2,000 டாலர் உச்சவரம்பு, முதல் பத்து மருந்துகளுக்கு விலைப் பேச்சு. பேசி முடித்த விலைகள் 2026 ஜனவரி 1 முதல். சர்க்கரைக்கான ஜனுவியாவின் ஒரு மாத அறிவித்த விலை 527 டாலர், பேசிய விலை 113. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் எலிகுவிஸ் 521லிருந்து 231. ஜனுவியா என்பது நம் ஊர்க் கடைகளில் சிட்டாகிளிப்டின் என்று கேட்டு வாங்கும் அதே மருந்துதான். இந்தியாவில் 2022இல் காப்புரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் தயாரித்து விலை சரிந்தது.

கவனிக்க வேண்டியது, இந்த விலை மெடிக்கேருக்கு மட்டும். டாலஸ் பெண்ணின் கம்பெனிக் காப்பீட்டுக்கு இது பொருந்தாது. நாடு முழுவதற்கும் ஒரே வாங்குபவர் என்றால் இதே பேச்சு எல்லோருக்குமாக, எல்லா மருந்துக்குமாக நடக்கும். ரிபேட் ரகசியங்களுக்கும் பி.பி.எம்.முக்கும் அங்கே வேலை இல்லை.

இதற்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. எழுந்து போகும் உரிமை என்றால் சில சமயம் உண்மையிலேயே எழுந்து போக வேண்டியிருக்கும். இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு அதன் பயனுக்கு ஏற்ற விலைதானா என்று பார்ப்பது 1999இல் தொடங்கிய நைஸ் என்ற அமைப்பு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நுரையீரல் நோய்க்கு ஆர்காம்பி என்ற மருந்து 2015இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. அறிவித்த விலை ஓர் ஆளுக்கு வருடம் சுமார் 1,04,000 பவுண்டு. 2016இல் நைஸ் வேண்டாம் என்றது. கம்பெனி இறங்கவில்லை, அரசும் இறங்கவில்லை, பிள்ளைகளின் பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். 2019 அக்டோபரில்தான் ரகசிய விலையில் உடன்பாடு வந்தது. மூன்று வருடம் அந்த நோயாளிக்கு எவ்வளவு நீளம் என்பதை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. அமெரிக்காவில் நல்ல காப்பீடு இருந்த பிள்ளைகளுக்கு அது முன்பே கிடைத்தது, இதையும் சொல்லத்தான் வேண்டும்.

விலை குறைந்தால் ஆராய்ச்சி நின்றுவிடும் என்பது கம்பெனிகள் சொல்லும் வாதம். 2022 சட்டத்தைப் பற்றி நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் போட்ட மதிப்பீடு: முப்பது வருடத்தில் வரக்கூடிய சுமார் 1,300 புது மருந்துகளில் 13 குறையும். எல்லா மருந்துக்கும் விலை பேசினால் அந்த எண் கூடும். ஆனால் ‘நின்றுவிடும்’ என்பதற்கும் இதற்கும் வெகுதூரம்.

இரண்டு மசோதாக்களும் மருந்தில் பிரியும் இடம்

சாண்டர்ஸ் மசோதாவில் டாக்டருக்கோ ஆஸ்பத்திரிக்கோ கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டாம், மருந்துக்கு மட்டும் வருடத்துக்கு 200 டாலர் வரை வாங்கலாம், பிராண்டை விட்டு ஜெனரிக் (அதே மருந்தை வேறு கம்பெனிகள் மலிவாகத் தயாரிப்பது) பக்கம் ஆட்களைத் திருப்புவதற்காக. ஜெயபால் மசோதாவில் அதுவும் இல்லை. அதற்குப் பதில் கம்பெனி பக்கம் ஒரு பிடி: பேசியும் நியாயமான விலைக்கு வராவிட்டால், அதே மருந்தைத் தயாரிக்க வேறு கம்பெனிக்கு அரசு உரிமம் தரலாம்.

இதற்குக் கட்டாய உரிமம் என்று பெயர், நம் நாட்டில் இது நடந்திருக்கிறது. சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கு ஜெர்மனியின் பேயர் கம்பெனி விற்ற நெக்சாவர் என்ற மருந்து மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாய் விற்றது. 2012 மார்ச்சில் ஹைதராபாத்தின் நாட்கோ கம்பெனிக்கு உரிமம் கொடுத்து, மாதம் சுமார் 8,800 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்றார்கள். பேயர் மேல்முறையீடு செய்தது. அப்போது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம், பிரபா ஸ்ரீதேவன் தலைமையில், 2013 மார்ச்சில் உரிமத்தை உறுதி செய்தது. 2.8 லட்சம் எங்கே, 8,800 எங்கே. எழுந்து போய் நோயாளியைக் கைவிடுவதற்கும், கேட்ட விலையைக் கட்டுவதற்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது என்பதை அந்த வழக்கு காட்டியது. ஆர்காம்பி மாதிரி முட்டுக்கட்டைக்கு இதுதான் மருந்து என்று நான் நம்புகிறேன்.

கனடா தரும் எச்சரிக்கை

எல்லோருக்கும் காப்பீடு வந்தாலே மாத்திரையும் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஸ்கார்பரோவில் இருக்கும் சொந்தக்காரர்களைக் கேட்கலாம். 1984 கனடா சுகாதாரச் சட்டம் டாக்டரையும் ஆஸ்பத்திரியையும்தான் உறுதி செய்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும்போது கொடுக்கும் மாத்திரை இலவசம், வீட்டுக்கு வந்து அதே மாத்திரையைக் கடையில் வாங்கினால் கையிலிருந்து, அல்லது வேலை வழிக் காப்பீட்டிலிருந்து. ஒன்டாரியோவில் 65 தாண்டியவர்களுக்கும், தனியார் காப்பீடு இல்லாத 25 வயதுக்குக் கீழானவர்களுக்கும் மாகாணத் திட்டம் இருக்கிறது. நடுவில் இருப்பவர், அதிலும் சலுகை இல்லாத பகுதிநேர வேலை பார்ப்பவர், பெரும்பாலும் தன் பாட்டைத் தானே பார்க்க வேண்டும். தேசிய மருந்துக் காப்பீட்டுக்கான முதல் சட்டம் 2024 அக்டோபரில்தான் வந்தது, அதுவும் சர்க்கரை மருந்து, கருத்தடை மருந்து என்ற இரண்டோடு தொடங்குகிறது. மாகாணம் கையெழுத்திட்டால்தான் அங்கே நடக்கும்.

எனவே எந்த மசோதாவைப் படித்தாலும் ‘மருந்து’ என்ற சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடுங்கள். அமெரிக்க மசோதாக்கள் இரண்டும் கடையில் வாங்கும் மருந்தை ஆரம்பத்திலிருந்தே உள்ளே வைத்திருக்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் அவை கனடாவைவிட முன்னே நிற்கின்றன.

செலவும், மாறும் காலமும்

2020 டிசம்பரில் பட்ஜெட் அலுவலகம் ஐந்து விதமான ஒற்றைக் காப்பீட்டு மாதிரிகளைக் கணக்கிட்டது. 2030ஆம் ஆண்டில் மத்திய அரசின் செலவு 1.5 முதல் 3 லட்சம் கோடி டாலர் வரை கூடும். ஆனால் நாட்டின் மொத்த மருத்துவச் செலவு 70,000 கோடி டாலர் குறைவதிலிருந்து 30,000 கோடி கூடுவது வரை எங்கேயும் இருக்கலாம். முதல் எண்ணை மட்டும் ஒரு தரப்பு சொல்லும், இரண்டாவதை மட்டும் மறுதரப்பு. இரண்டும் ஒரே அறிக்கையில் இருப்பவை: பிரீமியமாகவும், கோபேயாகவும் (வைத்தியத்தின்போது நோயாளி கையிலிருந்து கட்டும் பங்கு) போன பணம் வரியாகப் போகும், அலுவலகச் செலவும் மருந்து விலையும் குறையும், அதே நேரம் இதுவரை வைத்தியம் பார்க்காமல் இருந்தவர்கள் வந்து பார்ப்பார்கள்.

மாறும் காலம்தான் எனக்கு அதிகம் கவலை தருகிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஜெயபால் மசோதா இரண்டே வருடத்தில் எல்லோரையும் உள்ளே கொண்டுவரச் சொல்கிறது. சாண்டர்ஸ் மசோதாவில் நான்கு வருடம்: முதல் வருடம் குழந்தைகளும் 55 வயது தாண்டியவர்களும், அடுத்து 45, அடுத்து 35, நான்காம் வருடம் எல்லோரும். டாலஸ் பெண்ணின் வீட்டுக்கே திரும்பப் போவோம். ஆறு வயது மகளும், கிரீன் கார்டு வாங்கி வந்து கூடவே வசிக்கும் அறுபது வயது அம்மாவும் முதல் வருடத்திலேயே அரசுக் காப்பீட்டுக்குப் போவார்கள். அவர் மூன்றாம் வருடம்தான் போவார். அம்மாவுக்கும் அவருக்கும் ஒரே சர்க்கரை மாத்திரை என்று வையுங்கள்: அம்மாவுடையது அரசின் பட்டியலில், அரசு பேசிய விலையில். அவருடையது இன்னும் பி.பி.எம். பட்டியலில், ஜனவரி வந்தால் மறுபடி ஃபேக்ஸ், மறுபடி நான்கு நாள்.